கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நடுவே நாலு நிமிடம்

"எந்த மலை?" என்று கேட்டுவிட்டாள் வடிவு.

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள். முன்பின் தெரியாத ஆளிடம், அதுவும் கிண்டி ரயில் நிலையத்தில் தொப்பலாக நனைந்துபோய் நிற்கும்போது... பேச்சுக் கொடுக்கும் லட்சணமா இது? ஆனால் அவன் தோளில் கிடந்ததைப் பார்த்துவிட்டாளே! வளையம் வளையமாகச் சுற்றிய கயிறு, இடுப்புப் பட்டை, இரும்புக் கொக்கிகள், கையில் ஹெல்மெட். மலை ஏறுகிறவளுக்கு அதைக் கண்டால் வாய் சும்மா இருக்குமா?

அவன் திரும்பினான். இமையில் ஒரு மழைத்துளி, விழலாமா வேண்டாமா என்று நின்றது. அந்தக் கண்களில் தூக்கமும் சிரிப்பும் சரிபாதியாக இருந்தன.

"இன்னாது?"

"இல்ல... கயிறெல்லாம் வச்சிருக்கீங்களே. எந்த மலைக்குப் போயிட்டு வர்றீங்கன்னு..."

அவன் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டினான். மழைக்குள் ஒரு கண்ணாடிக் கட்டடம் மங்கலாகத் தெரிந்தது. "தோ, அந்த மலதான். பதினாலு மாடி. நான் ஏறல, மேலேர்ந்து எறங்கினேன். கண்ணாடி தொடைக்கிற வேல."

வடிவுக்குக் காது மடல்வரை சூடேறியது. "சாரிங்க..."

"அட, இன்னாத்துக்கு சாரி? பத்து வருசமா இந்தக் கயிற தூக்கிக்கினு சுத்துறேன். மலையான்னு கேட்ட மொத ஆளு நீதான்."

'நீ'யாமே! பார்த்து அரை நிமிடம்கூட ஆகவில்லை. கோபித்துக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள். ரயில் வந்துவிட்டது.

ஏறினார்கள். அவன் சைதாப்பேட்டையில் இறங்குகிறவன், அவள் அடுத்த நிலையமான மாம்பலத்தில். கிண்டிக்கும் சைதாப்பேட்டைக்கும் நாலு நிமிடம். அந்த நாலு நிமிடத்தில் அவன் பெயர் தமிழ்மாறன் என்று தெரிந்துகொண்டாள். தன் பெயர் சண்முகவடிவு என்று சொன்னதும் அவன், "யப்பா, எவ்ளோ நீளம்! என் கயிறு தோத்துச்சு போ" என்றான். நாள் முழுக்க வராத சிரிப்பு அப்போது வந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்தே எட்டு மாதம் ஆகியிருந்தது, பாவம். எட்டு மாதம் முன்னால் அவளுடைய கம்பெனி ஒரு மின்னஞ்சலில் அவளையும் சேர்த்து நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்பியது. இப்போது கிண்டி எஸ்டேட்டில் நாலு வாரத் தற்காலிக வேலை. அதற்கப்புறம் என்ன என்று கேட்டால், அப்பா கோதண்டபாணி தயாராக ஒரு பதில் வைத்திருந்தார். "நம்ம கடை இருக்குல்லா? பட்டு செக்ஷன்ல வந்து உக்காரு. அடுத்த தையில கல்யாணத்த முடிச்சுருவோம்."

தி.நகரில் அவர்களுடைய ஜவுளிக்கடையில் ஜன்னலே கிடையாது. வானத்தைப் பார்க்காமல் பத்து மணி நேரம்! ஜவ்வாது மலை, ஏலகிரி, நாகலாபுரம் என்று சனிக்கிழமைதோறும் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியவள் அவள். போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தாள், எந்த ஊரில் போய்க் குடியேறலாம் என்று. ஒவ்வொரு ஊருக்கும் இரண்டே கேள்வி. வேலை கிடைக்குமா? மலை எவ்வளவு தூரம்? சென்னைக்கு எதிரே, 'வேலை: இல்லை. மலை: பரங்கிமலை, காரே மேலே போகும்' என்று எழுதியிருந்தாள்.

மறுநாளும் அவன் அதே இடத்தில் நின்றான். அதற்கு மறுநாளும்...

இரண்டு பேரும் அசந்துபோய்த்தான் வருவார்கள். அவளுக்குக் கம்ப்யூட்டர் பார்த்துக் கண் எரியும், அவனுக்குத் தோள்பட்டை இற்றுப்போயிருக்கும். ஆனாலும் அந்த நாலு நிமிடம் மட்டும் பேச்சு நிற்காது.

"மேல தொங்கும்போது பயமா இருக்காதா?"

"பயம் இன்னா பயம்? ஏசி ரூமுக்குள்ள உக்காந்துக்கினு இருக்கிறவன் மூஞ்சியப் பாத்தாதான் பயமா கீது. அப்டி ஒரு சோகம்."

"நானும் உள்ளே உக்காந்திருக்கிறவதான்."

"தெரிது. அத்தான் உன்னையும் டெய்லி கவலையா பாக்குறேன்."

அவன் வீடு பெரும்பாக்கத்தில். அதற்கு முன்னால் சைதாப்பேட்டையில், ஆற்றோரம். "காலி பண்ணுன்னாங்க. லாரி வந்துச்சு, ஏத்துனாங்க, எறக்குனாங்க. அவ்ளோதான்" என்று ஒரு நாள் சாதாரணமாகச் சொன்னான். அவன் அம்மா பாஞ்சாலி மட்டும் இன்னும் சைதாப்பேட்டை மார்க்கெட்டில்தான் மீன் விற்கிறாள். சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு போகத்தான் இந்த ரயில். அன்று ராத்திரி வடிவு தன் பட்டியலைத் திறந்து பார்த்தாள். ஏனோ வெட்கமாக இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பேச்சு சுவாரசியத்தில் சைதாப்பேட்டையில் இறங்க மறந்தான். மாம்பலம் வந்துவிட்டது. "ஐயையோ, அம்மா திட்டும்!" என்று எதிர்ப் பிளாட்பாரத்துக்கு ஓடினான். ஓடும்போது அவளைத் திரும்பிப் பார்த்தான் பாருங்கள்... அவள் அன்றைக்கு மாம்பலத்திலிருந்து வீடுவரை மழையில் குடையை விரிக்காமலே நடந்தாள்.

வினை அடுத்த புதன்கிழமை வந்தது.

கூட்டத்தில் அவன் கயிறு அவள் மடியில் கிடந்தது. பழக்கதோஷம், விரலால் தடவிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். மேலுறை தேய்ந்து, உள்ளே வெள்ளை நூல் வெளியே தெரிந்தது.

"மாறன், இது செத்த கயிறு. இதுல தொங்கினா நீங்க செத்துருவீங்க."

"நீ வேற! அத்தெல்லாம் ஒன்னியும் ஆவாது. நான் முடிச்சு போட்டு அந்த எடத்த தள்ளிக்குவேன்."

"புதுசு கேளுங்க."

"கேட்டா, காண்ட்ராக்டர் நாளைலேர்ந்து நீ வராதன்னுவான். வுடு வடிவு."

எப்படி விடுவது? மலைக்குப் போகிறவர்களுக்கு இது ஒரு சட்டம் மாதிரி. தேய்ந்த கயிற்றைக் கண்டால் யாருடையது என்று பார்க்கமாட்டார்கள், அங்கேயே வெட்டிப் போடுவார்கள். அவள் வெட்டவில்லை. போட்டோ எடுத்தாள். அவன் பெயரைப் போடாமல், அந்தக் கட்டடத்து நிர்வாகத்துக்கு அனுப்பினாள். நல்லதுதானே செய்தோம் என்று நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

வெள்ளிக்கிழமை கிண்டியில் அவன் தோளில் கயிறு இல்லை. கண்ணில் சிரிப்பும் இல்லை.

"நீதான் அனுப்ச்சியா?"

"ஆமா. உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா..."

"வேலைய நிறுத்திட்டானுங்க. எனக்கு மட்டுமில்ல, பத்து பேருக்கு. எப்ப வரணும்னு சொல்ல மாட்றான்." அவன் சத்தமே போடவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "வேல இல்லாம கெடக்குற வலி உனக்குத் தெரியாதா? எட்டு மாசமா அழுதுக்கினுதான இருந்த? ஒரு வார்த்த என்னாண்ட கேட்டியா? எங்க விசயத்துல எல்லாருமே இப்டிதான். நல்லதுக்குன்னு சொல்லுவீங்க. எங்கள மட்டும் கேக்கவே மாட்டீங்க."

ரயில் வந்தது. அவன் ஏறவில்லை.

அடுத்த நாள் இல்லை. அதற்கடுத்த வாரம் முழுக்க இல்லை. வடிவு மூன்று ரயில்களை விட்டுவிட்டுக் காத்திருந்து பார்த்தாள். கயிற்றைச் சொன்னது தப்பில்லை என்று மனசு அடித்துச் சொன்னது. அவனிடம் கேட்காமல் செய்தது தப்பு என்று அதே மனசு அழுதது. போன் நம்பர்கூட வாங்காமல் ஒரு ஆளைக் காதலிப்பாளா ஒருத்தி... காதலா? ஆமாம், காதல்தான். இனி ஒளித்து என்ன ஆகப்போகிறது?

அந்த வாரக் கடைசியில்தான் கோயம்புத்தூரிலிருந்து வேலை வந்தது. ஆபீஸ் மொட்டைமாடியில் நின்றால் மேற்குத் தொடர்ச்சி மலை தெரியும் என்று போட்டோ அனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் பட்டு செக்ஷன். எட்டு மாதமாக ஏங்கிய வேலை கையில் இருந்தது. அவளுக்கோ ஒரு வாய் சோறு இறங்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் சைதாப்பேட்டை மார்க்கெட்டில் சேற்றை மிதித்துக்கொண்டு, "பாஞ்சாலியம்மா கடை எது?" என்று விசாரித்துப் போய்ச் சேர்ந்தாள்.

சங்கரா மீனுக்கு நடுவிலிருந்து ஒரு அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். "யாரும்மா? இன்னா மீன் ஓணும்?"

"மீன் இல்லம்மா. நான்... வடிவு."

"அட, கயிறு பொண்ணு!" பாஞ்சாலி கையைக் கழுவினாள். "வாம்மா, குந்து. அந்தக் கயித்த வூட்ல பாத்துட்டு நானும் எத்தினி வாட்டி கத்திக்கிறேன். கேட்டானா? வியாழக்கெழம புதுக் கயிறு குடுத்து பத்து பேரையும் கூப்ட்டுட்டானுங்க. இவன்தான் உன் மூஞ்சில முழிக்க வெக்கப்பட்டுக்கினு பஸ்ல சுத்திப் போறான். தோ வரான் பாரு."

குடையில்லாமல் வந்தவன் அவளைக் கண்டதும் நின்றுவிட்டான். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. பாஞ்சாலி ஒரு தேவையும் இல்லாமல் ஐஸ் வாங்கப் போனாள்.

"கேக்காம செஞ்சது தப்பு. மன்னிச்சிருங்க" என்றாள் வடிவு.

"நானும் அப்டி பேசிருக்கக் கூடாது. புதுக் கயித்துல தொங்கசொல்லதான் தெரிஞ்சுது, பழசுல நான் எவ்ளோ பயந்துக்கினு இருந்தேன்னு." அவன் தலையைக் குனிந்துகொண்டான். "வேல எதுனா கெட்ச்சுதா?"

"கோயம்புத்தூர்ல."

"போய்டுவியா..." என்றான்.

"இந்தத் தடவை கேட்டுட்டுத்தான் செய்வேன்" என்றாள் அவள். "எனக்கு வேலை வேணும், மலையும் வேணும். நீங்க இல்லாத ஊர்ல அது ரெண்டும் இருந்து நான் என்ன பண்ணப் போறேன்? எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு மாறன். அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன், சண்டை போடுவார், பரவால்ல. அங்கேயும் உயரமான கட்டடம் இருக்கு. வேணாம், இங்கேதான்னா, நான் இங்கேயே இன்னும் வேலை தேடறேன். திங்கட்கிழமை நான் பதில் சொல்லணும். நீங்க சொல்லுங்க, எங்க இருக்கலாம்?"

அவன் கண் கலங்கியிருந்தது, மழை மேல் பழிபோட முடியாத அளவுக்கு.

"எங்க இருக்கலாம்னு... பொறந்ததுலேர்ந்து என்ன யாரும் கேட்டதில்ல வடிவு."

"அதான் நான் கேக்கறேன்ல?"

"உன்ன புட்சிகீது. ரொம்ப புட்சிகீது. அதுல யோசிக்க ஒன்னியும் இல்ல." புறங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "ஊர மட்டும் நாளைக்கு சொல்லட்டா? இன்னிக்கு ராவு பூரா யோசிக்கணும்னு ஆசையா கீது."