காலிக் குழாயின் பதில்

வால்வுக்காரர் ஸ்பானரால் குழாயைத் தட்டிவிட்டுக் காதை வைத்தபோது, உள்ளிருந்து யாரோ திருப்பித் தட்டினார்கள்.

அணையிலிருந்து மலைச்சரிவில் மின்நிலையம்வரை இறங்கும் அந்தப் பழைய இரும்புக் குழாயைச் சுத்தம் செய்து முடித்து, இறங்கியவர்கள் அனைவரும் அவர் கண்ணெதிரே வெளியேறியிருந்தார்கள். தண்ணீர் விடுமுன் தட்டிக் கேட்பது அங்கே எழுதப்படாத விதி. அணை கட்டிய முதலாண்டில், ஊருக்கு விளக்கு எரியவேண்டிய அவசரத்தில், உள்ளே சாயம் பூசிக்கொண்டிருந்தவர்களை மறந்து வால்வைத் திறந்துவிட்டார்கள். அதன் பிறகு வந்த விதி அது. இன்று நூற்றாண்டு விழா மேடையில் எல்லாரையும் புகழ்ந்தாயிற்று, குழாய்க்குள்ளேயே செத்துப்போன அவர்களைத் தவிர.

“சார், உள்ள ஆள் இருக்கு.”

“இரும்பு வெயில்ல விரியுதுய்யா! கீழ அமைச்சர் சுவிட்சுகிட்ட நிக்கிறாரு. என் மானத்த வாங்காத,” என்றார் பொறியாளர்.

குழாய்க்குச் சாயம் பூசும் அவருடைய தம்பி சிரித்தான். “நான் எறங்கிப் பாக்குறேண்ணா. அதுக்குள்ள பயத்துல போய்ச் சேர்ந்துடாத. அண்ணிக்கு யார் பதில் சொல்றது?”

டார்ச்சுடன் இறங்கினான். துருவும் புதுச் சாயமும் கலந்த நெடி மேலெழும்ப, அவனுடைய காலடியோசை இரும்பின் வயிற்றுக்குள் மெல்ல மெல்ல இறங்கித் தேய்வதை அவர் கேட்டுக்கொண்டு நின்றார்.

அதுவரை விட்டுவிட்டுக் கேட்ட தட்டல் நின்றது. காலடியும் நின்றது.

பிறகு தம்பி ஏறி வந்தான். தலையிலிருந்து நீர் சொட்டியது.

குழாய்க்குள் ஒரு துளித் தண்ணீர் கிடையாது.

“ஏன்டா நனஞ்சிருக்க?”

“யாருமில்லண்ணா. தொற.”

“அதான் சொல்லிட்டானே!” பொறியாளர், ஆள் இறங்கும் வாயின் மூடியைத் தாமே முடுக்கிவிட்டு மேடைக்கு ஓடினார். “தொறய்யா!”

மறுத்திருக்கலாம். ஆனால், அதட்டல் கேட்டால் வளையும் உத்தியோகக் கை அது. வால்வுச் சக்கரத்தைச் சுற்றியது.

அணைநீர் உறுமிக்கொண்டு பாய்ந்தது. அப்போது குழாய்க்குள்ளிருந்து குரல்.

“அண்ணா! நான் இன்னும் வெளிய வரல! அண்ணா!”

சக்கரத்தைத் திருப்பப் பாய்ந்தார். அசையவில்லை. அவர் கைகளின்மேல் ஈரமான இரு கைகள். அருகே தம்பியின் முகம். புன்னகை.

கீழே விளக்குகள் எரிந்தன. கைதட்டல் எழுந்தது. அந்த ஈரக் கைகள், அவருடைய கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வால்வை இன்னும் அகலமாகத் திறந்தன.