வளைவில் தொங்கியவன்

பாரிசின் அந்தப் பழைய வீட்டு மாடிக்குத் தெயோதூல் குடிவந்தபோது மழை விட்டிருந்தது. ரோமில் வரைந்த படத்தை அவன் சுமக்க, மனைவி உர்சூல் வர்ணப் பெட்டியோடு பின்னால் ஏறினாள். அறையில் ஈரச் சுவரின் வாடை. ஒரு வாரத்தில் அரண்மனையில் ஓவியக் கண்காட்சி. இந்த முறை படத்துக்குத் தெயோதூலின் பெயர் மட்டும்தான்.

எத்தனை வருஷத்து எரிச்சல்! இடிந்த தூண்களும், அவற்றைப் பிளந்து கிளம்பும் செடிகொடிகளும் அவன் கைவேலை. நடுவில் அவன் விட்டுவைக்கும் இடத்தில் விரல் உயர மனிதர்களைப் போடுவது உர்சூலின் தம்பி பஸ்தியான். அந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். மாதக்கணக்கில் இவன் கல் கல்லாக இழைப்பான். பார்க்க வருகிற கூட்டமோ, "அந்தத் துணி துவைக்கிறவளைப் பாரேன், உசுரோட இருக்கா!" என்று பஸ்தியானைக் கொண்டாடும். தெயோதூலுக்கு வயிறு பற்றி எரியும்.

போன வசந்தத்தில், ரோமில் ஓர் உடைந்த கல் வளைவின் உச்சியிலிருந்து பஸ்தியான் விழுந்து செத்தான். "கையைப் புடிச்சேன், வழுக்கிருச்சு" என்று உர்சூலிடம் சொல்லி அழுதிருந்தான் தெயோதூல்.

இந்தப் படத்தில் இருப்பது அதே வளைவு. ஆட்களே கிடையாது.

மறுநாள் காலை, ரொட்டி அறுத்துக்கொண்டிருந்த உர்சூல் நிமிர்ந்தாள்.

"ஏங்க, ஆளே வேண்டாம்னீங்க. அங்க யாரோ தொங்குறானே?"

விரல் உயர மனிதன். ஒரு கை கல்லைப் பற்றியிருந்தது. மறு கை மேலே நீண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. நம்ம தம்பி போட்ட மாதிரியே..."

"வாயை மூடுடீ!"

கத்தியால் படத்துணி தெரியும்வரை சுரண்டினான் தெயோதூல்.

மதியம் அந்த விரல் உயர மனிதன் மறுபடி தொங்கினான்.

வர்ணம் ஈரமாக இருந்தது.

தினமும் இவன் சுரண்டினான், தினமும் அவன் வந்தான். எண்ணெய் வாடை அறையை நிறைத்தது. துணிக்குப் பின்னாலிருந்து சரளை உதிரும் சத்தம். கண்காட்சிக்குப் படத்தைத் தூக்கிக் கொடுக்கும்போது மட்டும் வளைவு காலியாக இருந்தது. அப்பாடா என்றிருந்தது.

கண்காட்சியில் அவன் படத்தின் முன்னால்தான் கூட்டம். தெயோதூலுக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

"இடிபாடு உங்களோடது, தெரியுது," என்றாள் விசிறியோடு நின்ற ஓர் அம்மாள். "இந்த ரெண்டு ஆளுங்களை யாருங்க போட்டது? கண்ணு கலங்குது!"

ரெண்டு ஆளா?

பஸ்தியானின் பெயர் நாக்கு நுனிவரை வந்தது. செத்தும் அவனுக்கேதான் பாராட்டா? தாங்கவில்லை.

"நான்தான்! மொத்தமும் என் கை!"

"அதானே பார்த்தேன்! உங்க பச்சைக் கோட்டு, உங்க கோண மூக்கு, அச்சு அசலா நீங்களே!" அவள் சிரித்தாள். "ஆனா ஏங்க, கீழ அவன் கையை நீட்டுறான், நீங்க மேல பின்கை கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்குறீங்க?"

உர்சூல் படத்தை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"புடிச்சேன்னு சொன்னீங்களே," என்றாள், மிக மெதுவாக.

அவன் வாயெடுப்பதற்குள் மணிக்கட்டில் சில்லென்றது. குனிந்து பார்த்தான்.

ஐந்து விரல் தடம், ஈர வர்ணத்தில்.

துடைத்தான். போகவில்லை.

பிடி இறுகியது.