சர்வர் ஓடுது... சேலை தெரியல

"யாருங்க இதுல கை வச்சது?"

குரல் கேட்டுத் திரும்பினாள் பிரவீனா. மழையில் முழுக்க நனைந்த ஒருவன், ஒரு கையில் ஹெல்மெட்டும் மறு கையில் பார்சல் டீயுமாக அவள் பின்னால் நின்றிருந்தான். முடியிலிருந்து இறங்கிய நீர் புருவத்தில் தங்கி, அவன் இமைக்கும்போதெல்லாம் உதிர்ந்தது. முகத்தில் கோபம்தான்... ஆனால் அந்தக் கண்களுக்கு மட்டும் கோபப்படவே தெரியாது போலிருந்தது.

"எதுலங்க?"

"நீங்க உக்காந்துக்கினு இருக்கிற சிஸ்டத்துல! என் சர்வர் ஓடிக்கினு இருந்துச்சே... அது எங்க?"

பிரவீனா மறுபடி திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்தெருவில், மாடியில் இருந்தது விமல்ராஜின் கம்ப்யூட்டர் சென்டர். வீட்டில் இன்டர்நெட் சரியாகக் கிடைக்காதவர்கள் அங்கே வந்து உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். ஐயம்பேட்டையிலிருந்து ஷேர் ஆட்டோவில் வரும் பிரவீனாவும் அப்படித்தான். சென்னையில் ஒரு கம்பெனிக்கு வெப்சைட் செய்து கொடுக்கிறாள். அன்று அவளுடைய லேப்டாப் ரிப்பேருக்குப் போயிருந்தது. "மூலை சிஸ்டத்தை எடுத்துக்கோம்மா, யாரும் இல்ல" என்று சொல்லிவிட்டு ஜெராக்ஸ் மிஷினைப் பார்க்கப் போய்விட்டார் விமல்ராஜ்.

உட்கார்ந்தவள் திரையைப் பார்த்துத் திகைத்துப் போனாள். புதுசு, புதுசு1, ஃபைனல், ஃபைனல் கரெக்ட், இதான் ஃபைனல்... படமும் புரோகிராம் கோடும் பக்கங்களும் ஒன்றன் மேல் ஒன்றாக இறைந்து கிடந்தன. எவனோ காலேஜ் பையன் விட்டுப்போன குப்பை என்று நினைத்தாள். மளிகைக் கடையில் பிஸ்கட் பாக்கெட் கலைந்திருந்தால்கூட அடுக்கிவிட்டு வருகிறவள் அவள். கை சும்மா இருக்குமா? படங்களுக்கு ஒரு ஃபோல்டர், பக்கங்களுக்கு ஒன்று, டிசைனுக்கு ஒன்று என்று பிரித்துப் போட்டாள். வெறும் எண்களே பெயராக இருந்த படங்களுக்கு நிறத்தைப் பார்த்துப் பெயர் வைத்தாள். பின்னால் ஒரு கறுப்பு விண்டோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு வெப்சைட்டை ஊருக்குக் காட்டும் முன், நம் மெஷினிலேயே ஓடவிட்டுப் பார்க்கும் டெவலப்மென்ட் சர்வர் அது. அவளும் தினமும் ஓடவிடுவதுதான். தெரிந்திருந்தும், யாரோ மறந்துவிட்டுப் போனது என்று அதையும் மூடினாள்.

அந்த யாரோதான் இப்போது பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். பெயர் ஜெயக்குமார். அவசரமாகச் சர்வரை மறுபடி ஓடவிட்டான். பக்கம் திறந்தது. தலைப்பு வந்தது, பட்டன்கள் வந்தன... சேலை இருக்க வேண்டிய இடங்களில் மட்டும் வெறும் கட்டங்கள்.

"சர்வர் ஓடுது... சேலை தெரியல" என்றான், தனக்குள் பேசுவதுபோல. "படத்தையெல்லாம் பழையபடி எடுத்து வெளிய போட்டா வந்துடும்ல?"

"வராதுங்க... பேரையும் மாத்திட்டேன்." பிரவீனா அவன் பக்கம் திரும்பினாள். "வேற எங்கயாவது ஒரு காப்பி இருக்குதா? கிட்ல போட்டு வச்சிருப்பீங்கல்ல?"

கோடின் ஒவ்வொரு காப்பியையும் பத்திரமாகச் சேர்த்து வைக்கும் இடம்தான் கிட். அவன் ஜன்னல் பக்கம் பார்த்தான்.

"இல்லையா? அப்ப தப்பு ரெண்டு பேர் மேலயும்தான்."

"இது நல்லா இருக்குதே! வீட்டைத் திறந்து போட்டுட்டுப் போனது என் தப்பா?"

"பூட்ட வேணாங்க... கதவையாவது சாத்தியிருக்கலாம்ல?"

சிரிப்பு வந்துவிடாமல் உதட்டைக் கடித்துக்கொண்டான். அவள் அதைப் பார்த்துவிட்டாள். அவள் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான்...

பிறகுதான் விஷயத்தைச் சொன்னான். பட்டு நெய்யும் குடும்பம். கல்யாணப் பெண் தன் வீட்டிலிருந்தே சேலையின் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று தேர்ந்தெடுத்தால், அது எப்படி இருக்கும் என்று திரையில் வரும். பிடித்திருந்தால் நேராக நெசவாளருக்கே சொல்லிவிடலாம். அதைத்தான் அவன் செய்து கொண்டிருந்தான். அப்பா பஞ்சாட்சரமும் அவருடைய கூட்டாளிகள் இரண்டு பேரும் சாயங்காலம் பார்க்க வருகிறார்கள்.

"இதெல்லாம் நமக்கு ஒத்து வராதுன்னுட்டாங்க. கெஞ்சிக் கெஞ்சி இன்னிக்குத்தான் வரேன்னு சொன்னாங்க. இன்னிக்கு ஓடலன்னா... அப்புறம் என் பேச்சை யாரு கேப்பாங்க?"

பிரவீனா துப்பட்டாவை இழுத்துச் செருகிக்கொண்டாள். "தள்ளி உக்காருங்க. நான் பண்ணதை நானே சரி பண்றேன்."

ஒவ்வொரு பக்கமாகத் திறந்தாள். படம் இப்போது எங்கே இருக்கிறது, அதன் புதுப் பெயர் என்ன என்று கோடில் மாற்றிக்கொண்டே வந்தாள். அவன் பக்கத்திலிருந்து பெயர்களைப் படித்துச் சொன்னான். வெளியே மழை சடசடவென்று தகரத்தில் கொட்டியது.

"இதுக்கு இன்னா சிவப்புன்னு பேர் வச்சிருக்கீங்க? இது அரக்குங்க."

"அரக்குன்னா சிவப்புதானே?"

"எங்கப்பா எதிர்ல சொல்லிடாதீங்க... எழுந்து போயிடுவாரு."

சிரித்துக்கொண்டே சேவ் செய்தாள். சேவ் செய்த மறு நொடியே பக்கம் தானாகப் புதுப்பித்துக்கொண்டது. அரக்கு உடலில் மாம்பழ மஞ்சள் கரையோடு முதல் சேலை திரை முழுக்க விரிந்தது.

இரண்டு பேருமே "அப்பாடா..." என்றார்கள். திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள். திரையின் வெளிச்சம் அவன் கண்ணில் இருந்தது. பிரவீனா சட்டென்று கீபோர்டைப் பார்த்துக் குனிந்தாள். நெஞ்சு ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது?

பெரியவர்கள் வந்தபோது எல்லாச் சேலையும் வந்திருந்தது. பஞ்சாட்சரம் பச்சையையும் அரக்கையும் மாற்றி மாற்றித் தட்டிப் பார்த்தார். "பரவால்லப்பா" என்றார். ஜெயக்குமார் பெருமையைத் தனக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. "இவங்க அடுக்கிக் குடுத்தாங்கப்பா. நான் குப்பையா வச்சிருந்தேன்" என்றான் எல்லோர் முன்னாலும்.

அந்த மழைக்காலம் முழுக்க இருவரும் மூலை மேஜையில்தான் உட்கார்ந்தார்கள். அவள் தன் வேலையை முடித்துவிட்டு அவனுடையதைப் பார்ப்பாள். அவன் ஃபைலுக்குப் பெயர் வைக்கும் முன் அவளைக் கேட்பான். அவன் வராத நாளில் அவளுக்கு நேரம் நகரவே நகராது. வந்துவிட்டாலோ... ஆட்டோ ஏறும் நேரம் அதற்குள் வந்துவிடும்.

ஒருநாள் புதுச் சேலைகளைப் படம் எடுக்க அவன் வீட்டுக்குப் போனார்கள்.

அவன் அம்மா நீலாம்பாள் வாய் நிறைய வரவேற்றாள். காபி கொடுத்தாள். "எவ்ளோ கெட்டிக்காரப் பொண்ணு!" என்று கன்னத்தைத் தொட்டாள். படம் எடுத்து முடித்த சேலை ஒன்றை மடியில் போட்டு மடித்துக்கொண்டிருந்தாள் பிரவீனா.

"எந்த ஊரும்மா நீ?"

"ஐயம்பேட்டைங்க."

"ஐயம்பேட்டையில எங்க?"

இந்த இரண்டாவது கேள்வி அவளுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே கூட வருவது. நிமிர்ந்து பார்த்தே சொன்னாள். "காலனிங்க."

"ஓ..."

நீலாம்பாளின் சிரிப்பு மாறவில்லை. ஆனால் கை நீண்டு வந்தது. "நீ விடும்மா... நான் மடிச்சுக்கறேன்." பாதி மடித்த சேலையை அவள் மடியிலிருந்து மெதுவாக எடுத்துக்கொண்டாள்.

ஜெயக்குமார் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டு, கையிலிருந்த கேமராவில் எடுத்த படங்களைப் புரட்ட ஆரம்பித்தான்.

அவ்வளவுதான். வேறொன்றும் நடக்கவில்லை.

மறுநாளிலிருந்து பிரவீனா சென்டருக்குப் போகவில்லை. வீட்டுக்கே இன்டர்நெட் வந்துவிட்டது, அங்கேயே பார்த்துக்கொள்கிறேன் என்று விமல்ராஜிடம் சொல்லிவிட்டாள். ஜெயக்குமாருக்கு ஒரு மெசேஜ் போனது. 'எல்லா ஃபைலையும் கிட்ல போட்டுட்டேன். சர்வரை எப்படி ஓடவிடணும்னு அதுலயே எழுதி வச்சிருக்கேன். இனி நான் தேவைப்பட மாட்டேன்.'

அவன் அழைத்தான்... எடுக்கவில்லை. மறுபடி அழைத்தான். போனைக் கவிழ்த்து வைத்தாள்.

அந்த அம்மாவின் மேல் அவளுக்குப் பெரிய கோபம் இல்லை. அப்படிப்பட்டவர்களை நிறையப் பார்த்தாகிவிட்டது. ஆனால் அவன்? 'இருக்கட்டும்மா, அவங்களே மடிக்கட்டும்' என்று ஒரு வார்த்தை... ஒரே ஒரு வார்த்தை வரவில்லையே அந்த வாயிலிருந்து. நாலு பேர் முன்னால் அவளைப் புகழத் தெரிந்தவனுக்கு, அந்த இடத்தில் மட்டும் நாக்கு எங்கே போயிற்று?

மழை விட்டு வெயில் அடித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் ஐயம்பேட்டைக்கு வந்தான். அவள் அப்பா காசிநாதன் பெயரைச் சொல்லி விசாரித்து, வீட்டு வாசலில் வந்து நின்றான். கொத்து வேலை மேஸ்திரியான காசிநாதன் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பிரவீனா கிட்ட பேசணுங்க. உங்க எதிர்லயே பேசறேன்."

அவர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "அவளுக்குக் கேக்க இஷ்டம்னா பேசுப்பா. எனக்கு ஒண்ணும் இல்ல."

பிரவீனா நிலைப்படியில் வந்து நின்றாள். இறங்கி வரவில்லை. அவன் மெலிந்திருந்தான். கண்ணைச் சுற்றிக் கருமை...

"அன்னிக்கு அம்மா சேலையை வாங்கினப்ப நான் பார்த்தேன்" என்றான். "பார்க்காத மாதிரி கேமராவைப் பார்த்தேன். அம்மா பண்ணதை விட அது பெரிய தப்பு."

"இப்பதான் தெரிஞ்சுதா?"

"அன்னிக்கே தெரிஞ்சுது. வாய்தான் வரல." ஓர் அடி முன்னால் வந்தான். "இப்ப வீட்ல சொல்லிட்டேன்... கல்யாணம்னா உங்களைத்தான்னு. அம்மா என்கூடப் பேசறதை நிறுத்திட்டாங்க. அப்பா யோசிக்கணும்னாரு. நீங்க யோசிங்கப்பா, நான் யோசிச்சு முடிச்சிட்டேன்னு சொல்லிட்டு வந்தேன்."

"என்னைக் கேக்காமலே வீட்ல சொல்லிட்டீங்களா? நான் முடியாதுன்னா?"

"திரும்பிப் போயிடுவேன்."

"அப்ப எதுக்கு முதல்ல அங்க சொன்னீங்க?"

"உங்ககிட்ட ஆசையா சொல்லிட்டு, அப்புறம் அங்க போய் பயந்து நின்னேன்னா... இன்னொரு தடவை உங்களைத் தனியா விட்ட மாதிரி ஆயிடும். அதான் கஷ்டமான இடத்துல முதல்ல சொன்னேன். உங்ககிட்ட சொல்றதுக்கு எனக்குப் பயமே இல்ல பிரவீனா. உங்களைப் புடிச்சிருக்குது... ரொம்பப் புடிச்சிருக்குது."

காசிநாதன் துணியை உதறிப் பைக்கின் மேல் போட்டுவிட்டு உள்ளே போனார். உள்ளே அம்மா சம்பூர்ணம் கேட்டது காதில் விழுந்தது. "இன்னாவாம்?" "சும்மா இரு" என்றது அப்பாவின் குரல்.

பிரவீனா படியிறங்கி வந்தாள்.

"உங்கம்மா மனசாரக் கூப்பிடற வரைக்கும் அந்த வீட்டுக்கு நான் வர மாட்டேன்."

"நானும் வான்னு கேக்க மாட்டேன்."

"வருஷக்கணக்கா ஆனா?"

"ஆகட்டும். உங்க கூடத்தானே இருக்கப் போறேன்."

நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். முதல் நாள் பார்த்த அதே கண்கள்தான்... ஆனால் இன்று அவை எங்கும் விலகிப் போகவில்லை. அவள் பதிலுக்காக, அவள் மேலேயே நின்றன.

"எனக்கும்தான்..." என்றாள். "எனக்கும் உன்னைப் புடிச்சிருக்குது."

அவன் முகம் மெல்ல மலர்ந்தது. "இன்னா சொன்னீங்க... உன்னையா?"

"ஆமா, உன்னைத்தான்" என்றாள் பிரவீனா.