நானூறு மில்லி கூடுதல்

திங்கட்கிழமை காலை 7.05. புக்கிட் ரம்பாயில் தாமான் குடியிருப்பு வீடு ஒன்று. தேவமலர் குளிர்பெட்டியைத் திறந்து, சிவப்புப் பிளாஸ்டிக் பையிலிருந்த பெரிய போத்தலை எடுத்தாள்.

அவளுக்குச் சிறுநீரக நோய். இப்போது ஏழு மாதக் கர்ப்பம் வேறு. ஒரு நாள் முழுக்கப் போன சிறுநீரை அந்தப் போத்தலில் சேர்த்து ஆஸ்பத்திரியில் கொடுக்க வேண்டும். அதில் புரதம் எவ்வளவு என்று பார்த்துத்தான் டாக்டர் அடுத்த முடிவை எடுப்பார்.

தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் ஒன்பது வருடம் இருந்தவள். ஒவ்வொரு தடவையும் அளந்து கைப்பேசியில் குறித்திருந்தாள். கூட்டினால் ஆயிரத்து முந்நூறு மில்லி. போத்தலில் ஆயிரத்து எழுநூறு!

மூடியைத் திறந்தாள். குப்பென்று ஒரு வாடை. வாயைப் பொத்திக்கொண்டு ஓடினாள்.

7.15. வீட்டிலிருந்த மூவரும் மேசைக்கு வரவழைக்கப்பட்டார்கள்.

"என் போத்தல்ல யாரோ கை வச்சிருக்கீங்க."

"அதுல கை வைக்க யாருக்குலா ஆசை வரும்?" என்றான் கணவன் யுவனேஸ்வரன்.

"நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டீங்க?"

"நீ சுட்ட தோசைதான்."

"அண்ணி?"

"எனக்கும் தோசைதான். ஆறு. எழுதிக்க," என்றாள் நாத்தனார் பாக்கியலட்சுமி.

மாமனார் வீரமுத்து கிராம்பை மென்றபடி பேப்பருக்குள் தலையை விட்டிருந்தார்.

"மாமா?"

"நான் சிம்பாங் அம்பாட் கூட்டாளி வீட்டுல சாப்பிட்டேன்மா. சும்மா சோறு, ரசம்."

"காலையிலேயே கிராம்பு. பல்வலியா?"

"வாய் மணக்கட்டுமேன்னு..."

7.22. தேவமலர் எழுந்தாள். "மாமா, நீங்கதான்."

பேப்பர் கீழே இறங்கியது.

"போத்தல்ல பெட்டாய்க் கொட்டை வாடை. அதைத் தின்னா மறுநாள் பாத்ரூமே காட்டிக் கொடுத்திடும். அந்த வாடை எனக்கு ஆகலன்னு வீட்டுக்குள்ள பெட்டாய் வந்து ஏழு மாசமாச்சு. வெளிய சாப்பிட்டது நீங்க ஒருத்தர்தான். வாய்க்குக் கிராம்பு போட்டீங்க. போத்தலுக்கு என்ன போட்டீங்க?"

"சம்பால் பெட்டாய்மா. ஒரே ஒரு தட்டு."

"அது கெடக்கட்டும். என் போத்தல்ல ஏன்?"

வீரமுத்து பேப்பரை மடித்து வைத்தார். "ஒன் கிட்னி சரியா வேலை செய்யலன்னு டாக்டர் சொன்னாங்கள்ல? விடிய எழுந்து பாத்தேன். போத்தல் நெறையல. கொறஞ்சா புள்ளைய இப்பவே எடுத்துருவாங்களோன்னு பயந்துட்டேன். நம்மால ஆனது..."

பாக்கியலட்சுமி சிரிப்பை அடக்கச் சமையலறைக்குள் ஓடினாள். தேவமலருக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டும் கலந்துட்டா கணக்கே தப்பு மாமா. ஆபத்து இருக்கா இல்லையான்னு டாக்டருக்கே தெரியாம போயிடும்."

அவர் கண் கலங்கினார்.

8.30. நடந்ததைக் கேட்ட டாக்டர் சரோஜினி சிரித்தே விட்டார். ரத்த அழுத்தத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. அன்றே வார்டில் சேர்த்தார்; தாதியரின் கண்முன் மறுபடி சேகரித்தார்கள். புரதம் போன மாதத்தைப்போல் இரண்டு மடங்கு. பழைய போத்தலைக் கொடுத்திருந்தால் அந்தக் கணக்கை யாரும் நம்பியிருக்க முடியாது.

நாலு வாரம் மருந்தும் கண்காணிப்புமாகப் போயிற்று. பிறகு பெண் குழந்தை. இரண்டு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. தாயின் சிறுநீரகமும் தாக்குப்பிடித்தது.

குழந்தை வீட்டுக்கு வந்த அன்று வீரமுத்து வாசலிலேயே தயங்கி நின்றார்.

"நான் என்னம்மா செய்யட்டும்?"

தேவமலர் பேத்தியை அவர் கையில் வைத்தாள்.

"இதைப் பிடிச்சுக்குங்க மாமா. வேற ஒண்ணுமே செய்யாதீங்க."

ஒரு மணி நேரம். நெற்றியில் கொசு கடித்தபோதுகூட வீரமுத்து அசையவில்லை.