மெட்டில்டா முறை

"உப்பைக் கடல்ல விடுங்க மேடம்" என்று பொன்னுரங்கம் நாலாவது தடவையாகச் சொன்னார். மெட்டில்டா விடவில்லை. கையில் வந்த ஐந்து உப்புச் சீட்டுகளில் ஒன்றைக்கூடக் கழிக்க மனமில்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிரே ஆடிய பயிற்சிப் பொம்மை ஒரு கலங்கரைச் சீட்டை வாங்கியது, ஆட்டத்தை முடித்தது, பதினோராவது முறையாக அவளைத் தோற்கடித்துவிட்டுப் பணிவாக ஒரு கும்பிடும் போட்டது.

வால்பாறை மழைமானி நிலையத்தில் அது மதியச் சாப்பாட்டு நேரம். மழை எப்போது வரும் என்று சொல்ல இயந்திரங்கள் வந்துவிட்டன. ஆனால் வந்தது எவ்வளவு என்று அளந்து எழுத ஓர் ஆள் வேண்டும் என்பது இன்னும் சட்டமாக இருந்தது. அந்த ஆளாக மெட்டில்டா ஏழு வருடமாகக் குடையும் அட்டைப்பூச்சியுமாக இங்கே காலம் தள்ளிக்கொண்டிருந்தாள். அவளுடைய ஊர் தூத்துக்குடி. அங்கேயும் ஒரு மழைமானி உண்டு, அதில் பெரும்பாலும் தூசிதான் விழும். துறையில் இருக்கிற எல்லோரும் கண் வைத்திருக்கும் பணியிடம் அதுதான், இந்த வருடம் அது காலியாகியிருந்தது.

இடமாறுதல் கலந்தாய்வு என்றால் அதிகாரி முன்னால் உட்கார்ந்து குறையைச் சொல்லி அழுத காலம் போய்விட்டது. அதைப் போக்கியது முன்னுணரி. உளுந்தம்பருப்பு அளவுக் கருவி அது, காதுமடலில் ஒட்டிக்கொள்ளும். எதிரில் இருப்பவர் இதுவரை செய்ததையெல்லாம் வைத்து, அடுத்து என்ன செய்வார் என்று காதுக்குள் சொல்லிவிடும். அது வந்தபின் சந்தையில் பேரம் நின்றது. கத்தரிக்காய்க்காரர் எதுவரை இறங்குவார் என்று வாங்குபவருக்குத் தெரியும், வாங்குபவர் எதுவரை ஏறுவார் என்று அவருக்கும் தெரியும். இருவரும் தலையை ஆட்டிக்கொண்டு பையை நீட்டினார்கள். நேர்முகத் தேர்வும் அப்படியே செத்துப்போனது. கேள்வியும் பதிலும் கேட்பதற்கு முன்பே இருவர் காதிலும் விழுந்துவிட்டால் அங்கே என்ன மிச்சம் இருக்கிறது?

ஆகவே அரசு ஓர் ஆணை போட்டது. ஒரு பொருளை இரண்டு பேர் கேட்டால், அது கல்லூரி இடமானாலும் வண்டி நிறுத்தும் இடமானாலும், நீர்நாட்டுச் சாவடியில் ஆடித் தீர்த்துக்கொள்ளட்டும். நீர்நாடு என்பது மாநிலத்தில் பாதிப்பேர் சாயங்காலமானால் போய்க் குடியிருக்கும் இணைய விளையாட்டு. அங்கே மீன் பிடிக்கலாம், வீடு கட்டலாம், பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை போடலாம். அலுத்துப்போனால் சாவடியில் உட்கார்ந்து அடுக்காட்டம் ஆடலாம். பொழுதுபோக்காக இருந்த அந்தச் சீட்டாட்டம் ஒரே ஆணையில் தலையெழுத்தாகிவிட்டது.

பொன்னுரங்கம் நிலையத்தின் இன்னோர் அளவையர், கடலூர்க்காரர், அடுக்காட்டத்தில் புலி. அவர் கேட்பது வேறு ஊர் என்பதால் மெட்டில்டாவுக்கு மனமாரச் சொல்லிக்கொடுத்தார். தொடக்கத்தில் எல்லோருக்கும் பத்து உப்புச் சீட்டு. ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து கைக்கு வரும். உப்பைக் கொடுத்து நடுவிலிருக்கும் கடையில் படகோ வலையோ கலங்கரையோ வாங்கலாம், வாங்கியது உங்கள் கட்டில் சேரும். கட்டு தீர்ந்தால் கலைத்துப்போட்டு மறுபடி எடுக்க வேண்டும். கடைசியில் யாரிடம் கலங்கரைச் சீட்டு அதிகமோ அவர் ஜெயித்தவர். சூட்சுமம் எங்கே இருக்கிறதென்றால், நல்ல சீட்டு சேரச் சேர மட்டமான உப்பைக் கடலில் விட்டு, அதாவது ஆட்டத்தைவிட்டே கழித்து, கட்டை மெலிய வைக்க வேண்டும். அப்போதுதான் நல்லது அடிக்கடி கைக்கு வரும்.

இத்தனையும் மெட்டில்டாவுக்கு ஒரு காதில் நுழைந்து மறுகாதில் போனது. அண்ணன்மாரோடு ரம்மி ஆடி வளர்ந்தவள் அவள். நாலாம் படகும் ஆறாம் படகும் வந்தால் ஐந்தாம் படகுக்குக் காத்திருக்கத்தான் கை துடித்தது. படகின் எண் வெறும் விலைதான், வரிசைக்கு இங்கே மதிப்பே இல்லை என்று பொன்னுரங்கம் தலையில் அடித்துக்கொண்டார். உப்பு விஷயத்திலோ அவள் வாதத்துக்கே வந்துவிட்டாள்.

"எங்கப்பா உப்பளத்துல கெடந்து கால் வெந்தவரு சார். கடல்லருந்து எடுத்தத திரும்பக் கடல்லயே கொட்டச் சொல்லுதீய. இது என்ன ஆட்டம்?"

ஆனால் அவள் கற்றே ஆக வேண்டும். கணவர் சூசைக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரம் இரண்டு நாள் ரத்தம் சுத்தம் செய்ய அவரைத் தாங்கிப் பிடித்து அழைத்துப்போவது நாத்தனார் அருளம்மாள். அந்த அருளம்மாளுக்கு ஆகஸ்டில் குவைத்துக்கு விசா வந்துவிட்டது. தினமும் சாயங்காலம் மெட்டில்டா திரையில் சூசையிடம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்பாள். அவர் வாய் திறப்பதற்கு முன்பே முன்னுணரி 'நல்லா இருக்கேன்' என்று காதில் சொல்லும், பிறகு அவரும் அதையே சொல்வார். ஒரே பொய்யை இரண்டு தடவை கேட்டுவிட்டு அவள் திரையை அணைப்பாள்.

கலந்தாய்வு நாளில் தூத்துக்குடிக்கு அறுபத்து நாலு பேர் மோதினார்கள். தோற்றவர் வெளியே, ஜெயித்தவர் அடுத்த ஆட்டத்துக்கு. மெட்டில்டாவுக்குத் திரையில் முதலில் வாய்த்தவர் சிவகாசிக்காரர், காதுமடலைத் தடவிக்கொண்டே ஆடுகிற மனிதர். அவருடைய முன்னுணரி மூன்றாம் சுற்றில் இவள் உப்பை விடுவாள் என்று சொல்லியிருக்க வேண்டும், அதற்கேற்ப வலை வாங்கித் தயாராக இருந்தார். இவள் விடவில்லை. நாலாம் சுற்றிலும் விடவில்லை. ஐந்தாவதில் எல்லோரும் பாய்ந்து வாங்கும் கலங்கரையை விட்டுவிட்டு ஒன்றுக்கும் உதவாத ஐந்தாம் படகை வாங்கி, வரிசை சேர்ந்த சந்தோஷத்தில் சிரித்துக்கொண்டாள். சிவகாசிக்காரர் முகம் வெளுத்தது. அவர் காதில் அன்றுவரை அவர் கேட்டிராத ஒரு சொல் விழுந்திருந்தது: 'தெளிவில்லை.'

அவர் கருவியைக் கழற்றி ஊதிப் பார்த்தார், திரும்ப ஒட்டினார், மறுபடியும் அதே சொல். கருவி சொல்லாமல் ஒரு சீட்டைக் கீழே போட்டுப் பழக்கமே இல்லாத கை அப்படியே நின்றது. கடிகாரம் ஓடியது, ஆடாத சுற்றெல்லாம் கழிந்தது. மெட்டில்டா தட்டுத் தடுமாறி ஒரே ஒரு கலங்கரை வாங்கினாள், ஜெயித்தாள்.

இப்படியே ஆறு ஆட்டம். ஒவ்வொன்று முடிந்ததும் பொன்னுரங்கத்தைக் கூப்பிட்டு நான் ஜெயித்துவிட்டேனா என்று உறுதிப்படுத்திக்கொண்டாள். கடைசி ஆட்டம் முடிந்து தூத்துக்குடி ஆணை திரையில் வந்தபோதும் அவளுக்குச் சந்தோஷத்தைவிடக் குழப்பம்தான் அதிகமாக இருந்தது. தோற்ற பதினோரு ஆட்டத்துக்கும் ஜெயித்த ஆறுக்கும் என்ன வித்தியாசம் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

மற்றவர்களுக்குப் பிடிபட்டது. சாவடியில் ஆடும் எல்லா ஆட்டமும் பதிவாகும், யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரே வாரத்தில் 'மெட்டில்டா முறை' என்று நீளநீளமாக எழுதித் தள்ளினார்கள். உப்பைத் தேக்கி எதிரியின் கணிப்பைக் கரைப்பதாம், படகு வரிசையால் கண்ணைக் கட்டுவதாம். பொன்னுரங்கமே ஒரு நோட்டோடு வந்து உட்கார்ந்தார்.

"மூணாவது ஆட்டத்துல அந்தப் பெரிய வலையை எடுக்காம விட்டீங்களே மேடம், எதுக்கு?"

"பாக்கல சார்."

அவர் அதை எழுதிக்கொண்டார். முகத்தைப் பார்த்தால் நம்பியதாகத் தெரியவில்லை.

ஊர் வந்து சேர்ந்த முதல் மாதம் நன்றாகவே போனது. அருளம்மாளை விமானம் ஏற்றிவிட்டு மெட்டில்டா சூசையின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் உடம்பு பாதியாகியிருந்தது, திரையில் அது தெரிந்திருக்கவில்லை. விடுப்பே கிடைக்காத ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தக் கையைத் தொட்டபோது அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

இதற்கிடையில் முன்னுணரியைச் செய்பவர்கள் சும்மா இருக்கவில்லை. கருவி ஒருத்தியிடம் ஏமாந்தது அவர்களுக்கு மானப் பிரச்சினை. அவளுடைய ஆட்டங்கள் அத்தனையையும் அதற்கு ஊட்டிப் புதிய பதிப்பை எல்லார் காதிலும் இறக்கினார்கள். அன்றிலிருந்து கருவி யாரைப் பார்த்தாலும் இவர் ஒரு மெட்டில்டாவாக இருந்தால் என்ன செய்வார் என்றும் சேர்த்து யோசித்தது. யோசித்துவிட்டு, தெளிவில்லை என்றது. சந்தையில் கத்தரிக்காய்க்காரரும் மெட்டில்டாவும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பேரத்தை எங்கே தொடங்க வேண்டும் என்று இருவருக்கும் மறந்துபோயிருந்தது.

கத்தரிக்காய் வாங்காமல் வீட்டுக்குப் போகலாம். ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் அப்படி முடியாது. அங்கே இருந்தது எட்டு இயந்திரம். எந்த நோயாளி எந்த நாள் எத்தனை மணிக்கு வருவார் என்று இவ்வளவு காலமும் முன்னுணரிதான் கணித்து முறை வைத்தது. அது கைவிரித்ததும், முறை தவறிவிடும் என்ற பயத்தில் எல்லோரும் எல்லா நாளும் வந்து நின்றார்கள். மேலாளருக்கு வேறு வழி தெரியவில்லை. ஒன்றை இரண்டு பேர் கேட்டால் என்ன செய்வது என்று சட்டமே இருக்கிறதே. நடைவழியில் திரை பதித்த மேசைகளைப் போட்டார், சாவடியைத் திறந்தார், நோயாளிக்காகக் கூட வந்தவர் ஆடலாம் என்றார்.

சூசைக்கு ஒரு முறை தவறிப்போயிருந்தது, பாதம் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. மெட்டில்டாவுக்கு எதிரில் உட்கார்ந்தவள் ஏரலிலிருந்து வந்த செண்பகவடிவு, முப்பது வயதிருக்கும். அவள் கணவன் சுவரில் சாய்ந்து கண்ணை மூடியிருந்தான்.

"ஒங்க ஆட்டத்தப் பாத்துத்தான்க்கா நான் படிச்சேன்" என்றாள் வடிவு, பயமும் மரியாதையுமாக.

ஆட்டம் தொடங்கியது. மெட்டில்டா உப்பை விடவில்லை. வடிவும் விடவில்லை. இவள் உதவாத படகை வாங்கினாள், அவள் அதைவிட உதவாத படகை வாங்கினாள். இரண்டு பேர் காதிலும் தெளிவில்லை, தெளிவில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தது. முக்கால் மணி நேரமாகியும் ஒருத்தரும் ஒரு கலங்கரை வாங்கவில்லை. உள்ளே ஓர் இயந்திரம் ஆளில்லாமல் நின்றது. மெட்டில்டாவுக்கு அந்தச் சீட்டுகளைப் பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. நிமிர்ந்து அந்தப் பெண்ணைப் பார்த்தாள்.

"ஒங்க வீட்டுக்காரருக்குக் கடைசியா என்னைக்கு ஓட்டுனாங்க?"

"போன திங்கக்கெழமக்கா."

சூசைக்கு அதற்குப் பின் வந்த வியாழக்கிழமை. மெட்டில்டா சீட்டையெல்லாம் கவிழ்த்து வைத்தாள்.

"அப்ப நீங்க மொதல்ல போங்க."

வடிவு காதைத் தொட்டாள். "தெளிவில்லன்னு சொல்லுது. நெசமாத்தான் சொல்லுதியளாக்கா?"

"நெசமாத்தான். எந்திரிங்க."

வடிவின் கணவன் உள்ளே போனான். நாலு மணி நேரம் கழித்து அதே நாற்காலியில் சூசைக்கும் இடம் கிடைத்தது. பல மாதங்களில் தான் செய்த ஒரு காரியம் தனக்கே புரிந்தது அன்றுதான் என்று மெட்டில்டாவுக்குத் தோன்றியது. வீட்டுக்குப் போகும் வழியில் அவள் சூசையிடம் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள்.

மேலாளருக்கும் மனம் குளிர்ந்துவிட்டது. நல்ல மனிதர், நல்லதை வளர்க்க நினைத்தார். விட்டுக்கொடுப்பவருக்கு அடுத்த இரண்டு முறை ஆட்டமில்லாமலே உறுதி என்று மறுநாளே வாசலில் எழுதி ஒட்டினார். அந்த ஆட்டமும் பதிவாகியிருந்தது. சாவடி அறிஞர்கள் அதற்கும் விளக்கம் எழுதினார்கள்: சீட்டைக் கவிழ்த்தல், மெட்டில்டா முறையின் இரண்டாம் பாகம்.

அடுத்த வாரம் அவள் சூசையோடு போனபோது நடைவழி அமைதியாக இருந்தது. எட்டு மேசையிலும் சீட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. ஒருவரும் ஆடவில்லை. நீங்க மொதல்ல போங்க என்று ஒருவர் சொன்னார், இல்ல நீங்க போங்க என்றார் எதிரில் இருந்தவர். வடிவும் ஒரு மேசையில் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். எல்லார் குரலிலும் அவ்வளவு பணிவு. உள்ளே எட்டு நாற்காலியும் காலியாகக் கிடந்தன.

மெட்டில்டாவுக்கு எதிரே சட்டைப்பையில் மருந்துச் சீட்டோடு ஒரு வாட்டசாட்டமான மனிதர். அவருடைய மனைவியின் முகம் ஊதியிருந்தது. கடைசியாக என்றைக்கு என்று மெட்டில்டா கேட்டாள். அவர் அதைக் காதிலேயே வாங்கவில்லை. நீங்க மொதல்ல போங்க என்றார். சூசைக்கு மூச்சு வாங்கியது. எழுந்து உள்ளே போனால் அவருக்கு இன்று நடக்கும், அடுத்த இரண்டும் எதிராளிக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எப்போதோ. போகலாமென்றால், அந்த அம்மாள் இவரைவிட மோசமாக இருந்தால்? அப்படி இல்லாமல் இருந்தால்? அவள் யோசித்து முடிப்பதற்குள் அவளுடைய வாயே சொல்லிவிட்டது.

"இல்ல, நீங்க மொதல்ல போங்க."

செவிலி கதவைத் திறந்து, யாராவது ஒருத்தர் வாருங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தாள். ஒருவரும் எழவில்லை. சூசை மெதுவாக மெட்டில்டா பக்கம் திரும்பினார்.

"இப்ப சொன்னியே, அது நெசமா?"

அவள் காதிலிருந்த கருவியைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"தெரியலங்க" என்றாள்.