மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர்

மார்த்தாண்டத்தில் மழைக்கு ஒதுங்க வேறு கடையே இல்லையா... போயும் போயும் ஜெனித்தின் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையா! துப்பட்டாவால் மூடிக் கொண்டுவந்த கம்ப்யூட்டர் பெட்டியோடு பெமிலா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

ஜெனித்தும் நிமிர்ந்து பார்த்தான். அதே கண்கள்... பதினோரு வருஷத்துக்கு முன், அருமனையில் அவன் அப்பாவின் நெட் சென்டரில் கார் ரேஸ் கேம் போட்டி நடந்த அன்று பார்த்தவை. கேமை வேகமாக ஓட்டும் கிராபிக்ஸ் கார்டு உள்ள மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டர் எப்போதும் அவனுக்கு. ஐந்தாம் நம்பர் இவளுக்கு. தோற்ற ஆத்திரத்தில், "கார்ட வச்சு கள்ளக்களி களிச்சிட்டான்!" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டாள். அதோடு பேச்சு நின்றது. ஏமாற்றி ஜெயித்தான் என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அவள் எத்தனை நாள் அழுதிருப்பாள்!

"பெட்டிய இங்க வை மக்கா. என்ன கேடு?"

மக்கா... இன்னும் அப்படித்தான் கூப்பிடுகிறான். மழை இப்போது விட்டுவிடக் கூடாதே என்றிருந்தது அவளுக்கு.

"புது கார்டு போட்டும் கேம் இழுக்குது. பழைய பிராசசர்னாலயா?"

"இப்பமும் களிக்கியா நீ?"

"ஏன், களிக்கப்பிடாதா?"

சிரித்துக்கொண்டே பெட்டியைத் திருப்பினான். "மானிட்டர் கேபிள எதுல மாட்டுன?"

மேலே இருந்த துளையைக் காட்டினாள். "எப்பமும் மாட்டுற எடம்."

அவன் சிரிப்பு நின்றுபோனது.

"பிராசசர் கணக்குப் போடும், கார்டு படம் வரையும். கேபிள கீழ உள்ள கார்டுலதான் மாட்டணும். இல்லன்னா கார்டு சும்மா கெடக்கும்... அன்னைக்கு நானும் இதே தப்புதான் செஞ்சேன்."

"என்னைக்கு?"

"ரேஸ் அன்னைக்கு. அப்பாக்குத் தெரியாம மூணாம் நம்பர் கார்டக் கழத்தி ஒனக்க அஞ்சாம் நம்பர்ல போட்டேன். அவசரத்துல ஒனக்க கேபிள கார்டுல மாத்த மறந்துட்டேன்."

அப்படியானால்... அன்று கார்டு இல்லாமலே ஜெயித்தவனையா அப்படிச் சொன்னாள்? கண் கலங்கிவிட்டது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"எல்லாரும் கேக்கச் சொன்னியே... ரோஷம்."

"கார்ட எதுக்கு மாத்துன?"

"நீ ஜெயிக்கணும்னு. ஒன்ன அவ்வளவு பிடிச்சிருந்து..." குரல் தாழ்ந்தது. "இப்பமும்தான்."

வெளியே மழை விட்டிருந்தது. இருவருமே அதைக் கவனிக்கவில்லை.

"நாளைக்கு வீட்டுக்கு வந்து நீயே மாட்டித் தா. எங்க அப்பாட்டயும் பேசு."

"ஒரு கேபிளுக்கு அப்பாட்ட எதுக்கு பேசணும்?"

"கேபிளுக்கு வேண்டாம்..." பெமிலா துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்னப் பெண்ணு கேட்டுப் பேசு."