ஒற்றைக்கையன் கேட்ட கேள்வி

காலை 6.20.

சித்தாண்டிக்கு அப்பால் இருக்கும் அந்த அரிசி ஆலையின் களஞ்சியத்தைக் கூட்டிக்கொண்டிருந்த இலட்சுமிப்பிள்ளை, மூட்டை அடுக்கின் இடையில் ஒரு மனிதக் கால் தெரிவதைக் கண்டார். அவர் அலறவில்லை. விளக்குமாற்றைச் சுவரில் சாத்திவிட்டுக் கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்தார். கால் குளிர்ந்திருந்தது.

ஓர் அடுக்குக்கு நாற்பது மூட்டை. முப்பத்தொன்பது இடங்களில் ஐம்பது கிலோ அரிசி. மூன்றாவது வரிசையின் ஐந்தாவது இடத்தில் ரதீஸ். முழங்கால்கள் மடங்கி, கொஞ்சமும் கோணாமல், பக்கத்து மூட்டையோடு ஓரம் சேர்த்து வைக்கப்பட்டிருந்தான். அவன்மேல் இன்னும் இரண்டு வரிசை ஏறியிருந்தது.

அடுக்கியது ஒரு இயந்திரம். ஐந்து மாதங்களுக்கு முன் கொழும்பிலிருந்து வந்த ரோபோக் கை அது. நாட்டாமைகள், அதாவது மூட்டை சுமக்கும் ஆட்கள், அதற்கு ஒற்றைக்கையன் என்று பெயர் வைத்திருந்தார்கள். கூரையில் இருக்கும் கமரா அதன் கண். மூட்டைகளை நகர்த்திவரும் ரப்பர்ப் பட்டியில் வருவது மூட்டையா ஆளா என்று பார்த்துத் தானே முடிவெடுக்கும். பார்க்கப் பார்க்கப் படித்துக்கொள்ளும். அது வந்தபோது பத்தொன்பது நாட்டாமைகள் இருந்தார்கள். இப்போது ஏழு பேர். ரதீஸ் அவர்களின் தலைவன்.

காலை 7.15.

சப்-இன்ஸ்பெக்டர் ஹிதாயா மழையில் நனைந்த ஜீப்பிலிருந்து இறங்கினார். காத்தான்குடிக்காரி. அதிகம் பேசமாட்டார், ஆனால் கேட்ட கேள்வியைப் பதில் வரும்வரை விடமாட்டார். பொறுப்பதிகாரி தொலைபேசியில் சொன்னது சுருக்கம்: விபத்து, பன்னிரண்டு மணிக்குள் அறிக்கை வேண்டும்.

விபத்துக்கு ஒரு கதையும் தயாராக இருந்தது. பட்டியின் அருகே ஒரு அலவாங்கு, கனத்த இரும்புக் கடப்பாரை, கிடந்தது. தன் ஆட்களுக்கு வேலை போன கோபத்தில் ரதீஸ் இயந்திரத்தை உடைக்க வந்தான், மழைக்குத் தலையில் சாக்கைப் போட்டிருந்தான், இயந்திரம் அவனைத் தூக்கிவிட்டது. முதலாளி நல்லரத்தினம் அப்படித்தான் சொன்னார். அடுத்து திறக்கவிருக்கும் புது ஆலையின் பொறுப்புக்குக் காத்திருந்த மேற்பார்வையாளர் ஜெயந்தன் தலையாட்டினார்.

கேற்றுக்கு வெளியே நின்ற நாட்டாமைகளின் கதை வேறு. தன்னை உடைக்க வந்தவனை ஒற்றைக்கையன் அடையாளம் கண்டு கொன்றுவிட்டது என்றார்கள். இனி மனிசருக்குக் காலமில்லை, இண்டைக்கு ஒருத்தன், நாளைக்கு எல்லாரும் என்றான் ஒருவன். எவரும் அவனை மறுக்கவில்லை. ஆக, உள்ளேயும் வெளியேயும் கதை இரண்டானாலும் ரதீஸ் உடைக்கத்தான் வந்தான் என்பதில் எல்லாரும் ஒன்று.

ஒருத்தியைத் தவிர. ரதீஸின் மனைவி தனுஷியா கேற்றுக் கம்பியைப் பிடித்தபடி நின்றாள்.

"அவர் உடைக்கிற ஆளில்ல மிஸ்," என்றாள். "விடிய எழும்பி முதலாளியோட கதைக்கணும் எண்டுதான் போனவர். எனக்கு ஏழு வயசில ஒரு மகள் இரிக்காள். மெஷின உடைக்கப் போய்ச் செத்தவன்ட மகள் எண்டு அவளை ஊர் சொல்லும். செத்தவர் வரமாட்டார், எனக்குத் தெரியும். அந்தப் பேரை மட்டும் எடுத்துத் தாங்க."

ஹிதாயா வாக்குக் கொடுக்கவில்லை. அவரிடம் அந்தப் பழக்கமே இல்லை. ஆனால் அந்த முகம் மனதில் தைத்துவிட்டது.

காலை 8.05.

சட்ட வைத்திய அதிகாரி வந்து பார்த்தார். நெஞ்சு நெரிந்து உயிர் போயிருந்தது. பின்மண்டையில் ஓர் அடி. இயந்திரத்தின் இரும்பு விரல் பட்டிருக்கலாம், வேறு ஏதாவதும் பட்டிருக்கலாம் என்றார்.

உடலை எடுத்த பிறகும் ஹிதாயா அடுக்கை விட்டு நகரவில்லை. பட்டியில் போகும்போதே ஒவ்வொரு மூட்டையின் ஓரத்திலும் திகதியும் நேரமும் மையில் பதிந்துவிடும். அவர் ஒவ்வொன்றாக வாசித்துக் குறிப்பேட்டில் எழுதினார். எட்டு விநாடிக்கு ஒரு மூட்டை. 5.30 முதல் ஓர் இடத்தைத் தவிர எங்கும் பிசகில்லை. ரதீஸுக்கு முன் போன மூட்டையில் 5.51.12. அவனுக்குப் பின் வந்ததில் 5.51.51.

பிறகு நாட்டாமைகளின் அறைக்குப் போனார். சுவரில் ஏழு ஆணிகள், ஏழு சணல் சாக்குகள். மூட்டை சுமக்கும்போது ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்ளும் சாக்குகள் அவை. ரதீஸின் சாக்கு அவனுடைய ஆணியிலேயே தொங்கியது, காய்ந்தபடி. அவனுடைய மழைக்கோட்டு கீழே சொட்டிக்கொண்டிருந்தது. சடலத்தின் தலையிலிருந்ததோ புத்தம் புதிய வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு, ஆலை அரிசி நிரப்பும் சாக்கு.

"நீங்க வெள்ளைச் சாக்கைத் தலையில போடுறதா?" என்று நாட்டாமைகளைக் கேட்டார்.

சில நேரம் போடுவார்களாம், மழைக்கும் தூசிக்கும். ஆனால் ஒரு கிழமையாக இல்லை. ரதீஸ்தான் தடுத்தானாம். வெள்ளைச் சாக்கோடு ஒருத்தரும் ஒற்றைக்கையனுக்குக் கிட்டப் போகக்கூடாது, காரணம் பிறகு சொல்கிறேன் என்றானாம். காரணத்தைச் சொல்லத்தான் அவனுக்கு நாள் கிடைக்கவில்லை.

காலை 9.10.

ஆலையின் மாடி அறையில் தங்கியிருந்தவன் ஷிஹான், இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் இளம் பொறியியலாளர். ஏறாவூர் ஆள். கொழும்புக் கம்பனி அனுப்பி டிசம்பரில்தான் வந்தவன்.

"ஆளைக் கண்டால் அது நிக்கும் மிஸ். நான் எத்தனையோ தரம் கீழ நிண்டு காட்டியிருக்கன்."

"இண்டைக்கு ஏன் நிக்கல்ல?"

"தெரியா. ஆலைக் கணினியில 5.30 இலிருந்து 6.10 வரை பதிவே இல்ல. கரண்ட் போயிருக்கும் எண்டு ஜெயந்தன் அண்ணன் சொன்னார்."

ஹிதாயா குறிப்பேட்டைப் பார்த்தார். கரண்ட் போயிருந்தால் அந்த நேரத்தில் முந்நூறு மூட்டைகளில் நேரத்தைப் பதித்தது யார்? அதை அவர் வெளியில் கேட்கவில்லை. வேறொன்று கேட்டார்: இடையில் இருபது, இருபத்தைந்து விநாடி அது சும்மா நிற்குமா?

ஷிஹான் யோசித்தான். நிற்கும் என்றான். ஆள் என்று நிச்சயமாகத் தெரிந்தால் முற்றாக நின்றுவிடும், ஷிஹான் வந்துதான் மறுபடி ஓட்டவேண்டும். மூட்டை என்று தெரிந்தால் தூக்கும். இரண்டும் நிச்சயமில்லாவிட்டால் படத்தைத் திரையில் போட்டு, இது மனிதனா மூட்டையா என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கும். பக்கத்தில் இருப்பவர், அநேகமாக மேற்பார்வையாளர், இரண்டில் ஒன்றை அமத்தவேண்டும்.

"அமத்தாட்டி?"

"நாள் முழுக்க நிக்கும்."

"அமத்தின பதில் எங்க போகும்?"

"ஆலைக் கணினிக்கு. ஒரு பிரதி கொழும்புக்கும் போகும், அதை வச்சுத்தான் அது படிக்கிற. இங்க அழிச்சாலும் அங்க இரிக்கும்." சொல்லிவிட்டு அவன் கணினியைத் திரும்பிப் பார்த்தான்.

கொழும்பிலிருந்து இரண்டு படங்களை எடுத்துத் தரும்படி ஹிதாயா கேட்டார். ஒன்று இன்று காலையினது. மற்றதன் திகதியைப் பிறகு சொல்கிறேன் என்றார்.

முற்பகல் 10.40.

ஓட்டமாவடியில் மஜீட் வீட்டு வாசலில் ஜீப் நின்றது. மஜீட் முன்னாள் நாட்டாமை. ஒக்டோபரில் வலது கை முறிந்து வேலையை விட்டவர். ஒற்றைக்கையன் வந்த பிறகு ஆலைப் பதிவில் இருந்த ஒரே காயம் அவருடையது; லொறியிலிருந்து விழுந்ததாக அது சொன்னது.

"அப்படித்தான் ஜெயந்தன் தம்பி சொன்ன," என்றார் மஜீட். "நான் பட்டிக்குக் கிட்டக் குனிஞ்சு சிந்தின அரிசியைக் கூட்டினன். தூசிக்கு வெள்ளைச் சாக்கைப் போட்டிருந்தன். பின்னால என்னவோ பிடிச்ச மாதிரி இரிந்திச்சு. முழிச்சுப் பார்த்தா லொறிக்குக் கீழ கிடக்கிறன்."

சட்டைக் கையை உயர்த்திக் காட்டினார். மேற்கையில் சம இடைவெளியில் நான்கு தழும்புகள். போன கிழமை ரதீஸ் வந்து அந்த இடைவெளியை நூலால் அளந்துகொண்டு போனதாகவும், சனிக்கிழமை விடிய முதலாளியிடம் சொல்லப்போவதாக அவன் சொன்னதாகவும் மஜீட் தெரிவித்தார். அன்று சனிக்கிழமை.

ஹிதாயா ஜீப்பில் ஏறியதும் ஷிஹானைத் தொலைபேசியில் அழைத்து இரண்டாவது திகதியைச் சொன்னார்: மஜீடின் கை முறிந்த நாள்.

முற்பகல் 11.45.

ஒற்றைக்கையன் நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. அதன் நான்கு இரும்பு விரல்களும் பட்டிக்கு மேல் விரிந்தபடி இருந்தன. நல்லரத்தினம், ஜெயந்தன், ஷிஹான் மூவரும் நின்றார்கள். ஹிதாயா அழைத்ததால் தனுஷியாவும் வந்திருந்தாள்.

"ரதீஸ் மெஷின உடைக்க வரல்ல," என்று ஹிதாயா தொடங்கினார். "வெள்ளைச் சாக்கைப் போடாதீங்க எண்டு மற்றவங்களுக்குச் சொன்ன ஆள், தானே அதைப் போட்டுக்கொண்டு இங்க வரமாட்டார். வேற ஒருத்தர் போட்டுவிட்டது. அலவாங்கால அடிச்சு, மயங்கின ஆளை மடக்கித் தலையிலிருந்து சாக்கைக் கவிழ்த்து, பட்டியில ஏத்தின."

முதலாளி ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹிதாயா நிறுத்தவில்லை.

"முன்மூட்டைக்கும் பின்மூட்டைக்கும் முப்பத்தொன்பது விநாடி. ரதீஸுக்கும் ஒரு இடம் விட்டா பதினாறு போதும். மிச்சம் இருபத்து மூன்று விநாடி மெஷின் சும்மா நிண்டிருக்கு. அதுக்குச் சந்தேகம் வந்திருக்கு. மனிதனா மூட்டையா எண்டு கேட்டிருக்கு. பதில் கிடைச்ச பிறகுதான் கை நீட்டியிருக்கு. ஆக, திரைக்கு முன்னால ஒருத்தர் நிண்டிருக்கார்."

அந்த நேரத்தில் முதலாளி சித்தாண்டி முருகன் கோவிலில் காலைப் பூசையில் இருந்தார், ஐயரே சாட்சி. நாட்டாமைகளும் கூட்டுபவரும் வேலைக்கு வருவது ஆறு மணிக்குப் பிறகு. மிச்சம் இரண்டு பேர், ஷிஹானும் ஜெயந்தனும். ஆலையிலேயே படுத்தவன் என்பதால் எல்லார் கண்ணும் ஷிஹான் மேல் போனது.

"ஷிஹானா இரிந்தா ஆலைப் பதிவை அழிச்சிருக்கமாட்டார். கொழும்பில பிரதி இரிக்கு எண்டு தெரிஞ்ச ஆள் அவர், என்னிட்டச் சொன்னதும் அவர்தான். இங்க அழிச்சாப் போதும் எண்டு நினைச்சவர், அந்தப் பிரதியைப் பற்றித் தெரியாதவர். கரண்ட் போன கதையைக் கட்டினவரும் அந்த ஆள்தான். ஒக்டோபர்ல மஜீடைத் தூக்கினபோதும் இதே கேள்விக்கு மூட்டை எண்டு இதே பதில் போயிருக்கு, கொழும்பிலிருந்து வந்த படத்தில இரிக்கு. அப்ப ஷிஹான் இந்த ஆலைக்கே வரல்ல. திரைக்கு முன்னால இரிந்தது நீங்க மட்டும்தான், ஜெயந்தன். மூடி மறைச்சது வெளியில வந்தா புது ஆலைப் பொறுப்பு கிடைக்காது. அதுதானே?"

ஜெயந்தன் திரையின் பக்கம் திரும்பினார்.

"ஒக்டோபர்ல பார்க்காமத்தான் அமத்தின, மிஸ்," என்றார். "அது நாளைக்கு நூறு தரம் கேக்கும். நிண்டா முதலாளி ஏசுவார். நூறு தரமும் மூட்டைதான். பழகிப்போச்சு."

"இண்டைக்குப் பார்த்துத்தானே அமத்தின?"

வாசலில் நின்ற கொன்ஸ்டபிள் ஜெயந்தனின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். நல்லரத்தினம் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்தார். உட்கார்ந்தது எதன்மேல் என்று உறைத்ததும் எழுந்துவிட்டார்.

தனுஷியா ஹிதாயாவின் பக்கம் திரும்பினாள்.

"மெஷினுக்குச் சந்தேகம் வந்ததா மிஸ்?"

"ஓம்."

"இருபத்து மூண்டு விநாடி நிண்டதா?"

"ஓம்."

"நாலு வருசம் ஒண்டா வேலை செஞ்சவருக்கு வரல்லையா?"

ஹிதாயா குறிப்பேட்டை மூடினார்.

ஷிஹான் தயங்கித் தயங்கிச் சொன்னான். மூட்டை என்ற அந்தப் பதிலைத் திருத்தவேண்டுமாம். அப்படியே விட்டால் ஒற்றைக்கையன் படித்தது படித்ததுதான். சாக்குப் போட்ட ஆளும் மூட்டை என்றே நினைத்திருக்கும், அடுத்த தரம் கேட்கவும் கேட்காது. மஜீடின் படத்தை அவனே திருத்தினான். மற்றப் படத்தைத் திரைக்குக் கொண்டுவந்துவிட்டு, தனுஷியாவைப் பார்க்கவேண்டாம் என்றான்.

அவள் பார்த்தாள். பட்டியின் நடுவில் வெள்ளையாக ஒரு குவியல். ஒரு மூலையில் மட்டும் சாக்குக்கு வெளியே ஒரு குதிகால், வெடிப்பு விழுந்த குதிகால். இரவு நேரத்தில் அதற்குத் தேங்காயெண்ணெய் பூசிவிடுவது அவள்தான். படத்தின் கீழே இயந்திரத்தின் கேள்வி இருந்தது: இது மனிதனா, மூட்டையா? அதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள்.

ஷிஹான் கையை நீட்டினான். தனுஷியா அவன் கையை விலக்கினாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மனிதன் என்று எழுதியிருந்ததை அவளே அமத்தினாள்.